விற்பனை விசாரணைக்கு சாட்பாட் வைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒருவர் உங்கள் நிறுவனத்துக்கு "விலை என்ன?" என்று எழுதுகிறார். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை இருக்கிறது, கையில் ஃபோன் இருக்கிறது, உங்கள் பெயரும் நினைவில் இருக்கிறது. இவை மூன்றும் ஒன்றுசேர்ந்து நிற்கும் பொழுது மிகக் குறைவு. அது கைநழுவும் முன்பு அவரை விற்பனைப் பிரிவின் சரியான ஆளிடம் சேர்ப்பதற்காகத்தான் சாட்பாட், அதாவது செய்திகளுக்குத் தானாகப் பதில் எழுதும் மென்பொருள். பெயர், எண், ஊர் என்று விவரம் வாங்குவதெல்லாம் அதற்கான வழி. வழியையே வேலையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

கேள்விகளிலிருந்து தொடங்குவது

சாட்பாட் அமைக்க உட்காரும் குழு முதலில் கேள்விப் பட்டியல் போடுகிறது. விளம்பரப் பிரிவு இரண்டு கேள்வி சேர்க்கும், கணக்குப் பிரிவு ஒன்று, மேலாளர் தன் பங்குக்கு இரண்டு. கடைசியில் விலை கேட்டு வந்தவர் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். நான்காவது கேள்வியில் அவர் திரையை மூடிவிட்டுப் போனால் குற்றம் அவருடையது ஆகாது.

முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். விசாரணை யாருக்குப் போகும்? அவர் எவ்வளவு நேரத்தில் அழைப்பார்? எந்த விவரம் இல்லாவிட்டால் அவரால் அழைக்கவே முடியாது? இந்தக் கடைசிக் கேள்வியை விற்பனையாளரிடமே கேட்க வேண்டும். வீட்டுக் கூரையில் சோலார் பேனல் அமைத்துத் தரும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சொந்த வீடா வாடகை வீடா, மாத மின்கட்டணம் ஏறக்குறைய எவ்வளவு, எந்தப் பகுதி. இந்த மூன்று தெரிந்தால் விற்பனையாளர் பேச்சைத் தொடங்கிவிடலாம். கூரையின் பரப்பளவும் கட்டணத் தவணையும் தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரிசையிலும் கவனம் வேண்டும். வந்தவர் கேட்டதற்கு ஏதாவது பதில் சொல்லாமல் அவரிடம் கேள்வி கேட்கத் தொடங்குவது மரியாதையாக இல்லை. துல்லியமான விலை சொல்ல முடியாத பொருளாக இருந்தால், இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை என்றாவது சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டுக்குச் சரியான தொகையைச் சொல்ல இரண்டு விவரம் தேவை" என்று தொடரலாம். எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரிந்தால் மக்கள் தயங்காமல் சொல்கிறார்கள்.

எல்லாச் செயலிக்கும் ஒரே உரையாடல்

ஒரு செயலிக்கு எழுதிய கேள்வி வரிசையை அப்படியே மற்றொன்றில் ஒட்டுவது பரவலான தவறு. வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதும் முதல் செய்தியோடே அவருடைய எண்ணும், அவர் வைத்திருக்கும் பெயரும் பொதுவாக உங்களிடம் வந்துவிடுகின்றன. அங்கே "உங்கள் கைபேசி எண்ணைத் தரவும்" என்று கேட்பது வீண் வேலை. "இதே எண்ணில் அழைக்கலாமா?" என்று கேட்பதே சரி. பெயரை மட்டும் உறுதி செய்துகொள்ளலாம், ஏனென்றால் பலர் செல்லப் பெயரையோ வெறும் குறியையோ வைத்திருப்பார்கள்.

ஃபேஸ்புக்கின் மெசஞ்சரில் நிலைமை வேறு. உங்கள் ஃபேஸ்புக் பக்கத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அடையாள எண்தான் கிடைக்கும், தொலைபேசி எண் கிடைக்காது. டெலிகிராமிலும் எண் தானாக வராது. ஆனால் தொடர்பு எண்ணைப் பகிரும் பட்டனை அங்கே காட்ட முடியும். பயனர் அதைத் தொட்டு ஒப்புதல் தந்தால், அவர் பதிவு செய்த எண்ணே வந்து சேரும், தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை. இந்த வசதி இருந்தும் எண்ணை எழுதச் சொல்லும் சாட்பாட்டுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பட்டன்களிலும் எல்லைகள் உண்டு. வாட்ஸ்அப் செய்தி ஒன்றில் பதில் பட்டன்கள் மூன்றுதான், ஒவ்வொன்றின் பெயரும் 20 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் தேர்வுகள் வேண்டுமானால் பட்டியல் செய்தி இருக்கிறது. அதில் 10 வரிகள், ஒவ்வொரு வரியின் தலைப்புக்கும் 24 எழுத்துகள். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "விலை விவரம்" என்பதில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகளும் ஓர் இடைவெளியும் தெரிகின்றன. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது 11. டெலிகிராமில், பட்டனைத் தொட்டதும் பின்னணியில் அனுப்பப்படும் குறிப்பு 64 பைட்டைத் தாண்டக் கூடாது. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும் என்பதால், 21 குறிகளிலேயே இடம் தீர்ந்துவிடும். பட்டனின் மேல் தமிழ் இருக்கட்டும், பின்னணிக் குறிப்பு சுருக்கமான எண்ணாக இருக்கட்டும்.

பட்டன் கொடுத்துவிட்டால் எல்லாரும் பட்டனைத் தொடுவார்கள் என்று எண்ணுவதும் பிழை. சிலர் எழுதுவார்கள், சிலர் குரல்செய்தி அனுப்புவார்கள், சிலர் மின்கட்டண ரசீதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படம் அனுப்பியவர்தான் வாங்குவதற்கு மிக நெருங்கி வந்தவர்! அவருக்கு "தவறான தேர்வு, மீண்டும் முயலவும்" என்று பதில் போனால் அவர் ஏன் திரும்பி வர வேண்டும்? இரண்டு முறை புரியவில்லையென்றால் உரையாடல் மனிதரிடம் போய்விட வேண்டும். இதை முதல் நாளிலேயே அமைத்துவிடுங்கள்.

24 மணி நேரக் கணக்கை மறப்பது

என் பார்வையில் இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் தவறு இது. வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்தில், வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரத்துக்கு நீங்கள் விரும்பியதை எழுதலாம். அவர் மறுபடி எழுதினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த நேரம் முடிந்துவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் (முன்பே எழுதிவைத்த வடிவம்) செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும்.

சனிக்கிழமை மாலை ஒருவர் விசாரிக்கிறார். சாட்பாட் அழகாக விவரம் வாங்கி, "எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்" என்று சொல்லிவிடுகிறது. திங்கள் காலை விற்பனையாளர் பதில் எழுதப் போனால் செய்தி போகாது. டெம்ப்ளேட்டும் தயாராக இல்லை. அதை எழுதி ஒப்புதலுக்கு அனுப்பிக் காத்திருக்கும்போது விசாரித்தவர் வேறு இடத்தில் முன்பணம் கட்டியிருப்பார். ஆகவே சாட்பாட்டைத் திறக்கும் முன்பே, விட்டுப்போன உரையாடலைத் தொடர்வதற்கென்று குறைந்தது ஒரு டெம்ப்ளேட்டுக்கு ஒப்புதல் வாங்கி வைத்திருக்க வேண்டும். அதில் சலுகை, தள்ளுபடி என்று எழுதினால் அது விளம்பர வகையில் சேரும், கட்டணமும் அதற்கேற்ப மாறும்.

வாட்ஸ்அப்புக்கு அழைத்து வரும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைத் தொட்டு வந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 24 மணி நேரத்துக்குள் பதில் அளித்துவிட்டால், அதிலிருந்து 72 மணி நேரத்துக்கு அனுப்பும் செய்திகளுக்குக் கட்டணம் இல்லை. இதைச் சிலர் 72 மணி நேரமும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். கட்டணத்தில்தான் சலுகை. 24 மணி நேரம் தாண்டினால் அங்கேயும் டெம்ப்ளேட்தான். மெசஞ்சருக்கும் 24 மணி நேர விதி உண்டு. டெலிகிராமில் அப்படி எல்லை இல்லை, ஆனால் பயனர் முதலில் தொடங்காமல் அங்கே சாட்பாட் அவருக்கு எழுதவே முடியாது.

விதி அனுமதிக்கும் 24 மணி நேரத்தை முழுவதும் எடுத்துக்கொள்வதும் நல்லதன்று. இணையம் வழி விசாரித்தவர்களை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்கள், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட, முடிவெடுக்கும் நபரிடம் பயனுள்ள பேச்சு நடத்தும் வாய்ப்பை ஏறக்குறைய 7 மடங்கு அதிகம் பெற்றன என்று ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரவு 11 மணிக்கு வரும் விசாரணைக்கு ஆள் இல்லையென்றால் "நாளை காலை 10 மணிக்குள் அழைக்கிறோம்" என்று நேரத்தைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் அழையுங்கள்.

கைமாற்றும் இடத்தில் தவறவிடுவது

விசாரணை ஒரு பொது மின்னஞ்சலுக்குப் போகிறது, பத்துப் பேர் பார்க்கிறார்கள், மற்றவர் அழைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். பொதுவாகப் போட்ட விசாரணை யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் ஒட்டப்பட வேண்டும், குறித்த நேரத்தில் அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு மாற வேண்டும்.

விற்பனையாளர் உரையாடலுக்குள் வந்தபின் சாட்பாட் வாய் மூடியிருக்க வேண்டும். மனிதர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து "வணக்கம்! கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யவும்" என்று சொல்லும் சாட்பாட் நம்பிக்கையைக் கெடுக்கிறது. சாட்பாட்டிடம் சொன்னதை விற்பனையாளர் மறுபடி கேட்பதும் அதே அளவு எரிச்சல் தரும். பேச்சைத் தொடங்கும் முன் அவர் கண்முன் சாட்பாட் வாங்கிய பதில்கள் இருக்க வேண்டும்.

மனிதரிடம் பேசும் வழியை ஒளித்துவைப்பவர்களும் உண்டு. தானியங்கிப் பதில் பயன்படுத்தும் நிறுவனங்கள் மனிதரை அணுகத் தெளிவான வழி தர வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் கொள்கையிலேயே இருக்கிறது.

விசாரித்ததையே சம்மதமாக எடுத்துக்கொள்வது

ஒருமுறை விலை கேட்டவர், வாரந்தோறும் உங்கள் விளம்பரம் பெறச் சம்மதித்தவர் ஆகமாட்டார். தனியாகக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட நாளையும் நேரத்தையும் பதிந்துவையுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்தும் வழியும் வேலை செய்ய வேண்டும். "நிறுத்து", "வேண்டாம்" என்று தமிழில் எழுதினாலும், அதையே ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சாட்பாட்டுக்குப் புரிய வேண்டும். மக்கள் உங்களைத் தடுக்கத் தொடங்கினால், புகார் செய்யத் தொடங்கினால், உங்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப் தரும் தர மதிப்பீடு இறங்கும், செய்தி அனுப்பும் திறனும் கட்டுப்படுத்தப்படலாம். அதிகாரபூர்வ வழியைத் தவிர்த்து, வாட்ஸ்அப் வெப்பைத் தானியங்கியாக இயக்கும் கருவிகளை மலிவு என்று வாங்குவது இன்னும் ஆபத்து. எண்ணே தடை செய்யப்படலாம். பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் சேமித்துவைத்திருக்கும் எண்ணை இப்படிப் பணயம் வைக்க வேண்டாம்.

அடையாள அட்டை, பிறந்த தேதி போன்றவற்றை விசாரணை நிலையில் கேட்கவே வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவிடம் விலைப்பட்டியலை விடுவது

இப்போது பலரும் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைச் சாட்பாட்டில் இணைக்கிறார்கள். எழுத்துப்பிழையோடு வந்த கேள்வியைப் புரிந்துகொள்வதில் அவை நன்றாக உதவும். ஆனால் தெரியாததையும் உறுதியாகச் சொல்லும் இயல்பு அவற்றுக்கு உண்டு. ஏர் கனடாவின் இணையதளச் சாட்பாட், உறவினர் மறைவுக்காகப் பயணம் செய்பவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் முடிவு செய்து, இழப்பீடு தரச் சொன்னது. விலை, தள்ளுபடி, உத்தரவாதம், திரும்பப்பெறும் விதி ஆகியவை உங்கள் தரவுத்தளத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட வேண்டும். மாதிரி அவற்றைத் தன் சொல்லில் இயற்றக் கூடாது.

திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

விசாரணை எங்கிருந்து வந்தது என்பதை முதல் செய்தியிலேயே பதியுங்கள். விளம்பரம் வழியே வந்தால் அந்த விளம்பரத்தின் விவரமும் வாட்ஸ்அப் அனுப்பும் தரவில் இருக்கும். டெலிகிராம் சாட்பாட்டைத் திறக்கும் இணைப்பில் (லிங்க்) 64 எழுத்து வரை ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். அப்போது பதியாமல் விட்டால், எந்த விளம்பரத்துக்குச் செய்த செலவு பயன் தந்தது என்று பின்னால் தெரிந்துகொள்ள வழியில்லை.

சாட்பாட் இயங்கும் உங்கள் சர்வர் உரிய நேரத்தில் பதில் தராவிட்டால், செயலி வாடிக்கையாளரின் அதே செய்தியை அதற்கு மீண்டும் அனுப்பும். செய்தியின் அடையாள எண்ணை வைத்துச் சரிபார்க்காவிட்டால் ஒருவரே இரண்டு விசாரணையாகப் பதிவாவார், இரண்டு பேர் அவரை அழைப்பார்கள். சாட்பாட்டுக்குக் கடவுச்சொல் போன்ற டெலிகிராம் டோக்கன் வெளியே கசிந்தால் உங்கள் சாட்பாட்டை வேறொருவர் இயக்க முடியும். டெலிகிராமில் சாட்பாட்டுகளை நிர்வகிக்கும் பாட்ஃபாதரில் உடனே அதை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.

பிறகு, இதை அமைக்காத ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். குரல்செய்தி அனுப்பட்டும், படம் அனுப்பட்டும், இரண்டாவது கேள்வியில் நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து வந்து "ம், சொல்லுங்க" என்று எழுதட்டும். சாட்பாட் அவரை மறுபடி முதல் வணக்கத்துக்கே அழைத்துப் போனால், இன்னும் திறக்க வேண்டாம்.