கழிவுப் பொருளில் மரபைக் கற்றல்: வடிவமைப்பு மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

கழிவுப் பொருள் ஒன்றை எடுத்து அதைவிட மதிப்புள்ள பொருளாக மாற்ற வேண்டும்; அந்தப் பொருளில் ஒரு பண்பாட்டு மரபைப் பற்றிய புரிதலும் வெளிப்பட வேண்டும். வடிவமைப்புப் படிப்பில் இப்படி ஒரு பணி தரப்பட்டதும் பல மாணவர்கள் அதை இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் பழைய பாட்டிலையோ அட்டைப்பெட்டியையோ விளக்காகவும் பையாகவும் மாற்றுகிறார்கள். பிறகு அதன்மேல் பழங்கால ஓவியத்திலிருந்து எடுத்த உருவம் ஒன்றை வரைந்து, மரபையும் சேர்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த உருவத்தை அழித்துவிட்டு உலகின் வேறொரு மூலையைச் சேர்ந்த உருவத்தை வரைந்தாலும் பொருள் அப்படியேதான் இருக்கும் என்றால், மரபு அதற்குள் நுழையவே இல்லை. எதை வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது, எந்த இடத்துக்கு வலு கொடுப்பது, பழுதானால் எப்படிச் சரிசெய்வது என்று ஒரு சமூகம் தலைமுறைகளாகக் கற்றுவைத்திருக்கும் முடிவுகளில்தான் கைவினை மரபின் உயிர் இருக்கிறது. இந்தப் பணியைச் செய்பவர் தேடிப் பிடிக்க வேண்டியது அந்த முடிவுகளையே.

கழிவிலிருந்து தொடங்குங்கள்

எந்தப் பொருளைச் செய்வது என்று முதலில் முடிவெடுத்துவிட்டு அதற்கேற்ற கழிவைத் தேடுவது தலைகீழான வழி. ஒரே இடத்திலிருந்து, ஒரே வகையில், தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் கழிவைத் தேர்ந்தெடுங்கள். தையற்கூடத்தின் வெட்டுத் துணிகள், அச்சகத்தில் வெட்டி ஒதுக்கும் காகித ஓரங்கள், மரப்பட்டறையின் துண்டுக் கட்டைகள், மின்வேலையில் மிஞ்சும் கம்பிகள் போன்றவை இதற்குப் பொருத்தமானவை. தற்செயலாகக் கிடைத்த அழகான உடைந்த பொருள் ஒன்றை வைத்து ஒரு நல்ல பொருள் செய்துவிடலாம். ஆனால் அடுத்த பொருளைச் செய்ய வழியிருக்காது, அதனால் அந்த வடிவமைப்பு ஒரு முறை நிகழ்ந்த வேடிக்கையாக முடிந்துவிடும்.

தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு வாரம் சேரும் கழிவைத் தரம் பிரித்து, எடை போட்டு, மிகப் பெரிய துண்டு, மிகச் சிறிய துண்டு, அதிகமாக வரும் துண்டு ஆகிய மூன்றின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இதில் மூன்றாவது அளவுதான் உங்கள் வடிவமைப்பைத் தீர்மானிக்கும். அதிகமாக வருவது உள்ளங்கை அகலமுள்ள வளைந்த துணித்துண்டு என்றால், பெரிய சதுரங்கள் தேவைப்படும் எந்தத் திட்டமும் கழிவைப் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டே புதிய கழிவை உண்டாக்கும்.

அடுத்தது, கையில் இருப்பது என்ன பொருள் என்று உறுதிசெய்வது. துணியில் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நெருப்பில் காட்டினால் அதன் குணம் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் நாற்றத்தோடு சுருங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் அச்சிட்டிருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்ணைப் பாருங்கள். எண் 3 என்றால் அது பிவிசி. அதை எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்கக் கூடாது, ஏனெனில் அது சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். சரக்கேற்றும் மரப்பலகைச் சட்டங்களில் எச்டி (HT) என்ற முத்திரை இருந்தால் அந்த மரம் வெப்பமூட்டிப் பதப்படுத்தப்பட்டது. எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தப்பட்டது, அதைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. பழைய வண்ணம் பூசிய மரத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் தேய்த்துத் தூளாக்காதீர்கள்.

மரபைப் படிக்கும் முறை

கைவினை மரபுகளில் கணிசமான பகுதி பற்றாக்குறையிலிருந்து பிறந்தது என்பது இந்தப் பணிக்குப் பெரிய பலம். வங்காளத்தின் கந்தா என்ற தையல் போர்வை, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத் தையலால் இணைத்து உருவாக்கப்பட்டது. தைப்பதற்கான வண்ண நூலைக்கூடப் பழைய சேலைகளின் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். ஜப்பானின் வடபகுதியில் குளிரின் காரணமாகப் பருத்தி விளையவில்லை. அங்கே கப்பல்களில் வந்த பழைய பருத்தித் துணிகளை நாடாக்களாகக் கிழித்து ஊடையாக (குறுக்கே ஓடும் இழையாக) நெய்த சாகிஓரி என்ற நெசவு வளர்ந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த உடைகளை வெட்டி இணைத்துப் போர்வைகள் செய்தார்கள். முழங்கால் பகுதி வெளுத்தும் பை இருந்த இடம் அடர்ந்தும் இருந்த துணி அந்த நிற வேறுபாட்டோடு அப்படியே போர்வையில் அமர்ந்தது. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வந்தபோது நவீன ஓவியங்களுக்கு இணையாகப் பேசப்பட்டன. குளிரைத் தாங்க என்ன கிடைத்ததோ அதை வைத்துச் செய்தவை அவை என்பதை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் நகலெடுப்பவர், அந்த வடிவம் ஏன் வந்தது என்பதைக் கற்காமலே போய்விடுகிறார்.

ஆகவே ஒரு மரபுப் பொருளைப் பார்க்கும்போது அதன் பின்புறத்தைப் பாருங்கள். துணி என்றால் திருப்பிப் பாருங்கள். கூடை என்றால் அடியில் முடைதல் தொடங்கிய புள்ளியைத் தேடுங்கள். பெட்டி என்றால் மூலை இணைப்பைப் பாருங்கள். முன்புறம் பார்வைக்காகச் செய்யப்பட்டது. செய்தவரின் சிந்தனை பின்புறத்தில் இருக்கிறது. கைவினைஞரைச் சந்திக்கும் வாய்ப்பு இருந்தால் இந்த உருவத்துக்கு என்ன அர்த்தம் என்று தொடங்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகிய விடைதான் கிடைக்கும். பொருள் முதலில் எங்கே பழுதாகும், பழுதானால் யார் சரிசெய்வார்கள், மூலப்பொருள் கிடைக்காத காலத்தில் எதை வைத்துச் செய்தார்கள், மிஞ்சும் துண்டுகளை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அவர் கைகள் ஓடும் வேகத்தையும் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். எங்கே தயங்கி யோசிக்கிறாரோ அங்கேதான் அந்தக் கலையின் நுட்பம் இருக்கிறது. அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுப்பதும், படம் எடுக்குமுன் அனுமதி கேட்பதும், அவர் பயன்படுத்தும் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வதும் ஆய்வின் பகுதிகள்.

யுனெஸ்கோ 2003-இல் ஏற்றுக்கொண்ட தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுக்கான உடன்படிக்கை, கைவினையை அதனால் உருவாகும் பொருளைக் கொண்டு மட்டும் வரையறுக்கவில்லை. அறிவு, திறன், அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் முறை ஆகியவற்றையும் மரபாகக் கொள்கிறது. உங்கள் ஆய்வேட்டில் கருவிகளின் படங்களைவிட இந்தக் கடத்தலுக்கு அதிக இடம் கொடுங்கள்.

இரண்டையும் இணைக்கும் இடம்

இந்தப் பணியின் கடினமான பகுதியும் சுவையான பகுதியும் இதுதான். கழிவின் குணத்தையும் மரபு நுட்பத்தின் தேவையையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள் பனையோலையிலும் புல்லிலும் சுருள்சுருளாக முடைந்த கூடைகளும் பானை மூடிகளும் இதற்கு நல்ல பாடம். தொலைபேசிக் கம்பிகள் கிடைக்கத் தொடங்கியதும் அதே முடைதலை வண்ண உறையிட்ட செம்புக் கம்பியில் செய்யத் தொடங்கினார்கள். ஓலையைப் போலவே கம்பியும் நீளமானது, வளையக்கூடியது, வளைத்த வடிவில் நிற்கக்கூடியது. அதனால் பழைய கைமுறை புதிய பொருளில் எளிதாக அமர்ந்தது. ஓலைக்கு இல்லாத பிரகாசமான நிறங்கள் கம்பிக்கு இருந்ததால் வடிவங்களும் புதிதாக வளர்ந்தன. அதில் மரபும் இருக்கிறது, கண்டுபிடிப்பும் இருக்கிறது.

கழிவுக்கும் தனக்கென ஒரு வரலாறு உண்டு. கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய கலைஞர் எல் அனட்சுயி, மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கியும் மடித்தும் செம்புக் கம்பியால் கோத்து, சுவர் முழுவதும் துணிபோல் தொங்கும் படைப்புகளை உருவாக்குகிறார். ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த பண்டங்களில் மதுவும் ஒன்று என்ற வரலாறு அந்த மூடிகளிலேயே இருக்கிறது. நீங்கள் எடுத்த கழிவு எங்கே உற்பத்தியானது, யார் பயன்படுத்தினார்கள், யார் பொறுக்கிச் சேர்த்தார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

எதிர் உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். உடைந்த பீங்கானை எப்பாக்சிப் பசையால் ஒட்டி விரிசலில் தங்க நிறம் பூசிவிட்டு அதைக் கின்சுகி (உடைந்த பீங்கானைச் சரிசெய்யும் ஜப்பானிய மரபுக் கலை) என்று சமர்ப்பிப்பது இப்போது மிகவும் பரவியிருக்கிறது. கின்சுகியில் பயன்படுவது உருஷி என்ற மரப்பால் அரக்கு. அது ஈரப்பதமுள்ள சூழலில் மெதுவாக இறுகும். அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து வேலை முடிய வாரங்கள் பிடிக்கும். அந்தக் காத்திருப்பை நீக்கிவிட்டால் மிஞ்சுவது தங்கக் கோடு மட்டுமே, அதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது நேர்மையாகாது.

ஒரு மாதிரியைச் செய்து பாருங்கள்

சாகிஓரியின் வழியைப் பின்பற்றிப் பழைய பருத்தி உடைகளை நெய்வதாக வைத்துக்கொள்வோம். துணிகளை முதலில் வெந்நீரில் துவைத்துக் காயவையுங்கள். வெவ்வேறு துணிகள் வெவ்வேறு அளவில் சுருங்கும் என்பதால், இதைச் செய்யாமல் நெய்தால் முதல் சலவையிலேயே பரப்பு கோணலாகும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். தையல்களையும் பட்டன்களையும் எடுத்துவிட்டு, ஓரத்தில் கத்தரியால் சிறிய வெட்டுப் போட்டு, சுமார் 1 செ.மீ. அகலத்தில் கையால் கிழியுங்கள். நெய்த துணி இழையின் போக்கிலேயே கிழியும். கத்தரியால் வெட்டினால் இழைகள் குறுக்கே அறுபட்டு நாடா பிசிறு விட்டுக்கொண்டே இருக்கும். மறுமுனைக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நிறுத்தி, அடுத்த கிழிசலை எதிர் ஓரத்திலிருந்து தொடங்கினால், முடிச்சே இல்லாத ஒரே நீளமான நாடா கிடைக்கும். பனியன் துணி இப்படிக் கிழியாது, அதை வெட்டத்தான் வேண்டும்.

பாவுக்கு (நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு) மெல்லிய, வலுவான நூலை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஊடை நாடாவை நேராக இழுக்காமல் சற்று வளைவாகத் தளர்த்தி வைத்து அடியுங்கள்; இறுக்கி இழுத்தால் இரு ஓரங்களும் உள்ளே வாங்கி, துணி நடுவில் குறுகிவிடும். நாடா முடியும் இடத்தில் இரு முனைகளையும் சரிவாக வெட்டிச் சில செ.மீ. நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் போதும். கையகலத்தில் ஐந்தாறு மாதிரிகளை, நாடாவின் அகலத்தையும் பாவின் இடைவெளியையும் மாற்றி நெய்து, ஒவ்வொன்றையும் துவைத்து, மடித்து, எடை தொங்கவிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்குப் பிறகுதான் அது விரிப்பாகுமா, பையாகுமா, மேலாடையாகுமா என்ற கேள்விக்கு வர வேண்டும். கனமாகவும் வளையாமலும் வந்த மாதிரி உட்காரும் விரிப்பைக் கேட்கிறது. அதை மேலாடையாக்கத் துடிப்பது பொருளோடு சண்டை போடுவது.

ஒட்டாமல் இணையுங்கள், கணக்கு வையுங்கள்

தையல், முடிச்சு, ஆப்பு, மடிப்பு போன்ற பிரிக்கக்கூடிய இணைப்புகளையே முதலில் முயலுங்கள். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் மரத்தையும் பசையால் ஒன்றாக்கிவிட்டால், தனித்தனியாக மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய மூன்று பொருள்களும் இனி எதற்கும் ஆகாத ஒரே குப்பையாகிவிடும். முடிந்த பொருளின் மொத்த எடையில் கழிவின் பங்கு எவ்வளவு, புதிதாக வாங்கிய நூல், உள்துணி, ஜிப், பூச்சு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். பல மாணவர்களின் வேலையில் இந்தக் கணக்குதான் உண்மையை வெளியே கொண்டுவருகிறது, ஆகவே கடைசி நாளில் அல்லாமல் முதல் மாதிரியிலிருந்தே அதைப் போடுவது நல்லது.

செயல்முறைப் பதிவேட்டில் உதவாமல் போன மாதிரிகளையும் காரணத்தோடு ஒட்டிவையுங்கள். ஒரு சமூகம் வழிபாட்டுக்கோ சடங்குக்கோ மட்டும் வைத்திருக்கும் வடிவத்தைக் கால்மிதியிலோ பையிலோ பயன்படுத்தாதீர்கள். ஐயம் இருந்தால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். "பழங்குடிக் கலையால் ஈர்க்கப்பட்டது" போன்ற பொத்தாம் பொதுவான வரியைத் தவிர்த்து, எந்த மக்கள், எந்த ஊர், எந்த நுட்பம் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்; கற்றுக்கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேருங்கள்.

மதிப்பீட்டு நாளில், முடிந்த பொருளுக்குப் பக்கத்தில் தொடக்கத்தில் இருந்த கழிவையும் நுட்பம் விளங்கும் பாதி முடிந்த மாதிரி ஒன்றையும் வைத்து, மூன்றையும் தொட்டுப் பார்க்க விடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை முடித்து, யாரிடம் கற்றீர்களோ அவரிடம் எடுத்துச் சென்று காட்டி, அவர் சுட்டும் குறைகளை அவர் சொற்களிலேயே பதிவேட்டின் இறுதிப் பக்கத்தில் எழுதி, திருத்த முடிந்தவற்றைத் திருத்திய பிறகே சமர்ப்பியுங்கள்.