இறைச்சியும் சூழலும்: போஸ்டர் தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்டர்தானே, ஒரு படமும் நாலு வரியும் இருந்தால் போதும் என்று தோன்றும். அந்த நாலு வரியில்தான் சிக்கலே. கட்டுரையில் ஓர் எண்ணை எழுதினால் அடுத்த வரியில் விளக்கம் சொல்லிவிடலாம். போஸ்டரில் அதற்கு இடமில்லை, எழுதியது அப்படியே சுவரில் நிற்கும். நின்று படிக்கிறவர் ஓர் எண் தவறு என்று கண்டுகொண்டால் மீதியையும் நம்பமாட்டார். இறைச்சி உற்பத்தியால் சூழலுக்கு வரும் பாதிப்பு உண்மையிலேயே பெரியது. ஊதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. நல்ல நோக்கத்தோடு செய்த போஸ்டர் ஒரு தப்பான எண்ணால் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அடிக்கடி கண்ணில் படுகிற தவறு, ‘இறைச்சி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிப்பது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 100 கிராம் புரதம் கிடைப்பதற்குள் எவ்வளவு பசுமைக்குடில் வாயு (கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான அளவில்) வெளியாகிறது என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாடு என்றால் சராசரியாக 50 கிலோ. பால் பண்ணையிலிருந்து வரும் மாட்டிறைச்சிக்கு 17, ஆட்டிறைச்சிக்கு 20, பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7. பயறு, பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோகூட இல்லை. மாட்டுக்கும் கோழிக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம். கோழிக்கால் படத்தைப் போட்டு அதன்கீழே மாட்டிறைச்சிக்கான எண்ணை எழுதினால், படிக்கிறவருக்குத் தப்பான செய்தியைக் கொடுத்துவிட்டோம் என்றுதான் பொருள்.

இதே ஆய்வு இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கிறது. ‘இறைச்சியை விடுங்கள்’ என்று எழுதிவிட்டு, அதற்கு மாற்றாகச் சீஸ் நிறைந்த தட்டைப் படமாகப் போடுகிறார்கள். அதே 100 கிராம் புரதக் கணக்கில் சீஸ் 11 கிலோ அளவில் நிற்கிறது, கோழியையும் பன்றியையும் தாண்டி! மாற்று உணவைக் காட்டுவதானால் பயறு, பருப்பு, சோயாவைக் காட்டுங்கள். எண் உங்கள் பக்கம் இருக்கும்.

அலகு இல்லாத எண்ணும் ஆபத்துதான். ஒரு கிலோ மாட்டிறைச்சியையும் ஒரு கிலோ வெள்ளரிக்காயையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பிரமாண்டமாகத் தெரியும். ஆனால் வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர், அதை யாரும் புரதத்துக்காகச் சாப்பிடுவதில்லை. கிலோவுக்கா, 100 கிராம் புரதத்துக்கா, 1,000 கலோரிக்கா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கக் கூடாது.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற சதவீதம். உலகின் மொத்தப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் கால்நடைகளின் பங்கு எவ்வளவு? ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2006இல் 18 சதவீதம் என்றது. 2013இல் அதே அமைப்பு 14.5 என்றது. 2023இல் வெளியிட்ட கணக்கு சுமார் 12. கணக்கிடும் முறையும் அடிப்படை ஆண்டும் மாறியதால் எண்ணும் மாறியிருக்கிறது. மூன்றையும் கோடு போட்டு இணைத்து, பாதிப்பு குறைந்து வருவதாக வரைபடம் போட்டுவிடாதீர்கள். எதை எடுத்தாலும் யார் சொன்னது, எந்த ஆண்டு என்று சேர்த்து எழுதுங்கள். 51 சதவீதம் என்று ஓர் எண்ணும் 2009 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலங்குகள் மூச்சில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அந்தக் கார்பன், அவை தின்ற செடிகள் கொஞ்ச நாள் முன்பு காற்றிலிருந்து எடுத்ததுதான். அதனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

‘உலகின் எல்லா வாகனங்களையும் விட மாடுகள் அதிக வாயுவை வெளியிடுகின்றன’ என்ற வரியும் அப்படித்தான். உணவு மற்றும் வேளாண் அமைப்பின் அந்த 2006 அறிக்கையில் கால்நடைப் பக்கத்துக்குத் தீவனம், காடழிப்பு, உரம் எல்லாம் சேர்ந்தன. வாகனப் பக்கத்துக்குப் புகைக்குழாயில் வருவது மட்டும்தான் சேர்ந்தது. ஒரே தராசில் நிறுக்காத இரண்டை ஒப்பிடுவதைவிட ஒப்பிடாமல் விடுவது மேல்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் என்ற எண் உண்மையான ஆய்விலிருந்து வந்தது, உலகச் சராசரி. ஆனால் அதில் 94 சதவீதம் மேய்ச்சல் நிலத்திலும் தீவனப் பயிரிலும் பெய்த மழைநீர். ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுப்பது சுமார் 550 லிட்டர். குழாயிலிருந்து கொட்டும் நீரையும் வரிசையாக நிற்கும் வாளிகளையும் வரைந்து பக்கத்தில் 15,400 என்று எழுதினால், எண் சரி, படம் பொய். “இது குழாய்த் தண்ணியா, மழையா?” என்று ஒரு பள்ளி மாணவர் கேட்டாலே போஸ்டர் பதில் சொல்ல முடியாமல் நிற்கும். மழை பெய்யும் புல்வெளியை வரையுங்கள், அல்லது தண்ணீரை விட்டுவிட்டு நிலத்தைப் பற்றிப் பேசுங்கள்.

என்னைக் கேட்டால் போஸ்டருக்கு மிகப் பொருத்தமானது நிலம்தான். இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து உலகின் விவசாய நிலத்தில் சுமார் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. பதிலுக்கு நமக்குக் கிடைக்கும் கலோரியில் 18 சதவீதத்தையும் புரதத்தில் 37 சதவீதத்தையும் தருகின்றன. இதுவும் 2018 ஆய்வில் உள்ளதுதான். இதைச் சதுரங்களாக வரைந்தால் மூன்று நொடியில் புரியும். ஆனால் ‘இறைச்சிக்கு மட்டும் 83’ என்று சுருக்கிவிடாதீர்கள், பாலும் முட்டையும் உள்ளே இருக்கின்றன. மேய்ச்சல் நிலமும் சேர்ந்த கணக்கு என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அதில் ஒரு பகுதி பயிர் செய்ய ஏற்றதல்ல.

வட்டங்களை வைத்து ஒப்பிடுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். ஒன்பது மடங்கைக் காட்ட ஆரத்தை ஒன்பது மடங்காக்கினால் பரப்பு 81 மடங்காகிவிடும். கண் பரப்பைத்தான் பார்க்கும். ஆரத்தை மூன்று மடங்காக்கினால் போதும், பரப்பு ஒன்பது மடங்காகும். அதே மாதிரி, பட்டை வரைபடம் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டுக்குப் பின்னால் வாயு வெளிவருவது போல வரைவது இன்னொரு பழக்கம். மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் என்ற பசுமைக்குடில் வாயு உண்டாகிறது. அதில் பெரும்பகுதி வாய் வழியாக, ஏப்பமாகத்தான் வருகிறது. மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, கரும்புகை வரைய வேண்டாம். அமேசானைப் பற்றி எழுதினால் ‘உலக ஆக்சிஜனில் 20 சதவீதம்’ என்ற வரியை விட்டுவிடுங்கள். அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட முழுவதும் அதுவே பயன்படுத்திக்கொள்கிறது. அங்கே காடழிவதற்கு மாட்டு மேய்ச்சலே மிகப் பெரிய காரணம் என்பது உண்மை. அந்த ஒரு வரியே போதுமான கனம் உள்ளது.

அப்புறம், ரத்தமும் வெட்டுக்கத்தியும். விலங்குகளின் வலியைப் பற்றிப் பேசுவது வேறு போஸ்டர், அதற்குரிய மரியாதையோடு தனியாகச் செய்ய வேண்டியது. இங்கே அதைக் கலந்தால் பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், எண் கண்ணில் படாது. ‘நீ சாப்பிடுவதால் பூமி சாகிறது’ என்று விரலை நீட்டுவதும் அதே விளைவைத்தான் தரும். சாப்பாடு குடும்பத்தோடும் நம்பிக்கையோடும் வருமானத்தோடும் பிணைந்த விஷயம். குற்றம் சாட்டப்பட்டவர் காது கொடுப்பதில்லை. செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள், ஒன்றை மட்டும்: வாரத்தில் சில வேளை மாட்டிறைச்சிக்குப் பதில் பயறு என்றால் யாருக்கும் புரியும். ‘உள்ளூரில் வாங்குங்கள்’ என்பதை இதோடு ஒட்டினால் செய்தி நீர்த்துப்போகும். உணவின் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான், மாட்டிறைச்சியில் அதைவிடவும் மிகக் குறைவு.

வடிவமைப்பில் சொல்ல நிறைய இல்லை. பச்சைப் பின்னணியில் பச்சை எழுத்து வேண்டாம். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை அச்சில் மங்கிவிடும். தமிழில் எழுதுகிறவர்கள் வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும், இல்லையென்றால் மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் இன்னொருவரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். எண்ணும் அலகும் அங்கிருந்தே ஒன்றாகத் தெரிகிறதென்றால் அச்சுக்குக் கொடுக்கலாம்.