அகாடமிக் காலண்டரைக் கடைசித் தேதியிலிருந்து படியுங்கள்

செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் எல்லோரும் அகாடமிக் காலண்டரைத் திறப்பார்கள். விடுமுறை எப்போது, தேர்வு எப்போது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்த இரண்டும் எப்படியும் நண்பர்கள் வாயிலாகக் காதுக்கு வந்துவிடும். வராதவை வேறு: பாடத்தை விடக் கடைசி நாள், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், பட்டம் பெறப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். இவற்றை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். தவறவிட்டால் பணம் போகும், அல்லது மதிப்பெண் பட்டியலில் தழும்பு விழும்.

எந்தத் தேதிகளை எடுப்பது

காலண்டரின் அடியிலிருந்து மேலே வாருங்கள். முடிவு வெளியாகும் நாள், தேர்வுகள், கடைசி வகுப்பு என்று ஏறிவந்தால் இரண்டு தேதிகள் தட்டுப்படும். இரண்டும் பாடத்தை விடுவது பற்றியவைதான். விளைவு மட்டும் வேறு. ஒன்று 'ட்ராப்'. பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள் விட்ட பாடம் மதிப்பெண் பட்டியலில் தடமே இல்லாமல் மறையும். மற்றது 'வித்ட்ரா'. இதற்குச் செமஸ்டரின் பாதியைத் தாண்டியும் அவகாசம் இருக்கலாம். ஆனால் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு எதிரே 'டபிள்யூ' என்ற எழுத்து நிற்கும். அந்தத் தேதியும் போனபின் வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் கிடைப்பது தோல்விதான். கட்டணம் திரும்பக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் தனி அட்டவணை உண்டு. நாள் ஆக ஆகச் சதவீதம் இறங்கிக்கொண்டே வரும். டபிள்யூ வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்ற நிலையிலேயே பணம் ஒன்றும் திரும்பாது என்பது சகஜம். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

விடுவதற்கு முன் மீதி எத்தனை கிரெடிட் (ஒரு பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு) என்று கூட்டிப் பார்க்க வேண்டும். உதவித்தொகை, விடுதி அறை, விசா மூன்றும் 'முழுநேர மாணவர்' என்ற நிபந்தனையோடு கட்டப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர், பொதுவாகச் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். 13 எடுத்தவர் ஒரு 3 கிரெடிட் பாடத்தை விட்டால் 10க்கு இறங்கிவிடுவார். போர்ட்டல் தடுக்காமலே விட்டுவிடக்கூடும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் அந்தப் பொத்தானைத் தொட வேண்டும்.

அடுத்து, ஆண்டுக்கு ஒரே முறை நடத்தப்படும் பாடங்களைத் தேடுங்கள். முதல் பருவத்தில் மட்டும் வரும் ஒரு பாடம், அதற்கடுத்த இரண்டு பாடங்களுக்கு முன்தகுதி என்றால், அதில் தோற்பவருக்கு ஒரு பருவம் அல்ல, ஓராண்டு போகிறது. அத்தகைய பாடத்தை எடுக்கும் பருவத்தில் மற்றவற்றைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்னொரு பொறி: 'புதன்கிழமை, திங்கள் அட்டவணைப்படி வகுப்பு' என்று ஒரு வரி எங்காவது இருக்கும். திங்கட்கிழமை விடுமுறைகள் அதிகமாகும்போது வகுப்பு எண்ணிக்கையைச் சரிக்கட்ட இப்படிச் செய்வார்கள். அன்று புதன்கிழமை ஆய்வகம் இருப்பதாக நினைத்து வருபவர் பூட்டிய கதவைப் பார்ப்பார்.

நேரத்திலும் உள்ளூர் வழக்கம் உண்டு. ஜெர்மன் பல்கலைக்கழக அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 10:15க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாகப் பத்துக்கு. தேர்வு நாளில் இந்த இரண்டு எழுத்தையும் பார்க்காமல் போவது நல்லதல்ல.

கிரெடிட்டை மணியாக மாற்றுவது

கிரெடிட் என்ற சொல் எங்கும் ஒன்று, எடை வேறு. ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட்; ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஆண்டுக்கு 120. ஒன்றுக்கு 10 மணி. அமெரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி படிப்பு.

இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். 3 கிரெடிட் அமெரிக்கப் பாடம் என்றால் வாரம் 9 மணி. ஐந்து பாடம் எடுத்தால் 45. 5 ஈசிடிஎஸ் பாடம் மொத்தம் 125 முதல் 150 மணி. 15 வாரத்தில் பரப்பினால் வாரம் 8 முதல் 10. அதையே 10 வாரப் பருவத்தில் திணித்தால் பன்னிரண்டரை முதல் 15. பகுதிநேர வேலைக்கு வாரம் 20 மணி ஒதுக்க நினைப்பவர் இந்தக் கூட்டலை வேலையை ஒப்புக்கொள்ளும் முன் செய்ய வேண்டும்.

பிறகு வாரங்களுக்கு எண் போடுங்கள். ஆசிரியர்கள் தேதியைச் சொல்வதைவிட '7ஆம் வாரம்' என்றுதான் அதிகம் சொல்வார்கள். நடுவில் வரும் வாசிப்பு வாரத்துக்கு (வகுப்பில்லாமல் படிக்க விடும் வாரம்) எண் உண்டா இல்லையா என்பதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பிசகினால் அதற்குப் பின் எல்லாமே பிசகும். எல்லாப் பாடத்தின் கெடுக்களையும் ஒரே தாளில் வாரவாரியாக எழுதினால் குவியல் தெரியும். பெரும்பாலும் 7, 8ஆம் வாரங்களிலும் கடைசி இரண்டு வாரங்களிலும் எல்லாம் வந்து விழும். குவியலில் இருக்கும் நீண்ட கட்டுரைக்கு மூன்று வாரம் முன்பே 'தலைப்பு முடிவு', ஒரு வாரம் முன்பே 'முழு வரைவு' என்று சொந்தக் கெடு வையுங்கள்.

போனில் ஏற்றும்போது

பல்கலைக்கழகம் காலண்டரை ஐசிஎஸ் கோப்பாக (காலண்டர் செயலிகள் படிக்கும் கோப்பு வகை) கொடுத்தால், அதைத் தரவிறக்கி இறக்குமதி செய்வது வேறு, இணைப்பு முகவரியைக் கொடுத்துச் சந்தா சேர்வது வேறு. இறக்குமதி செய்தது அன்றைய நகல். தேர்வுத் தேதி மாறினாலும் போனில் பழையதே இருக்கும். கூகுள் காலண்டரில் முகவரி வழியாகச் சேர்த்தால் மாற்றங்கள் தானே வரும். ஆனால் உடனே வராது. சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். தேர்வுக்கு முந்தைய நாள் போனை நம்பாமல் பல்கலைக்கழகப் பக்கத்தையே பார்த்துவிடுங்கள்.

கெடுநேரங்களில் மிகப் பலரை வீழ்த்துவது இந்த வரி: 'வெள்ளி, 12:00 ஏஎம்'. இது வெள்ளிக்கிழமை இரவு அல்ல. வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கும் நொடி. வெள்ளி மாலை உட்கார்ந்து முடிக்கலாம் என்றிருப்பவர் ஏறக்குறைய ஒரு நாள் பிந்திவிட்டார். அதனால் இப்படி வரும் தேதிகளையெல்லாம் 'வியாழன் 23:59' என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

சமர்ப்பிக்கும் இரவு

மூடுல் போன்ற பாடத் தளத்தில் கோப்பை ஏற்றியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. ஆசிரியர் அமைத்திருக்கும் விதத்தைப் பொறுத்து, அது 'வரைவு' என்ற நிலையிலேயே நிற்கும். 'சமர்ப்பி' என்ற இரண்டாவது பொத்தானை அழுத்தினால்தான் போய்ச் சேரும். நிலைப் பட்டியில் 'வரைவு' என்றிருக்கிறதா, 'சமர்ப்பிக்கப்பட்டது' என்றிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு ஏற்றிய கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள். தப்பான கோப்பு போயிருந்தால் இங்கேதான் தெரியவரும்.

அதே தளத்தில் ஆசிரியர் இரண்டு தேதிகள் வைக்கலாம். முதலாவது கடந்தால் தாமதம் என்று குறித்து ஏற்பார்கள்; இரண்டாவது கடந்தால் ஏற்றும் வழியே மூடிவிடும். முதல் தேதி மட்டுமே கண்ணில் படும் என்பதால், தாமதத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை மதிப்பெண் வெட்டு என்பதைப் பாடத்திட்டத் தாளில் முன்பே படித்து வைக்க வேண்டும்.

உடம்பு சரியில்லாமல் தேர்வெழுதுவது தனிக் கதை. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி, தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்தாலே 'எழுதும் நிலையில்தான் இருக்கிறேன்' என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு காய்ச்சல் என்று மனுப் போட்டால் எடுபடாது. அங்கே காய்ச்சலோடு வீரம் காட்டி எழுதுவதைவிட, தேர்வுக்கு முன்பே படிவமும் மருத்துவச் சான்றும் கொடுத்துத் தள்ளிவைப்பதே மேல்.

கேட்டால்தான் கிடைக்கும் உதவிகள்

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கூடுதல் நேரம், தனி அறை போன்ற சலுகைகள் பொதுவாக முன்தேதியிட்டுக் கிடைப்பதில்லை. முதல் இரண்டு வாரங்களில் விண்ணப்பியுங்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்கவே நாளாகும். மனநல ஆலோசனை மையத்திலும் தேர்வு நெருங்க நெருங்க வரிசை நீளும். அவசரம் என்றால் அதைத் தயங்காமல் அப்படியே சொல்லுங்கள். அவசர நிலைக்குப் பல மையங்கள் அன்றே நேரம் ஒதுக்கும்.

நூலகத்தில் அதிகம் பயன்படாத ஆள், உங்கள் துறைக்கென்று இருக்கும் நூலகர். கட்டுரைத் தலைப்போடு போனால், எந்தத் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடுவது என்று அரைமணியில் காட்டிவிடுவார். இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கலாம். நாட்கணக்கில் ஆகும் என்பதால் தலைப்பு முடிவான அன்றே கேட்டுவிடுங்கள். மேற்கோள் பட்டியலுக்கு ஜோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம். இணையத்தில் 300 எம்பி வரை கோப்புகளைச் சேமிக்கலாம், சொந்தக் கணினியில் வரம்பில்லை. கட்டுரை முடிந்தபின் பட்டியல் போடலாம் என்று ஒத்திப்போட்டால் பக்க எண்களைத் தேடியே ஓர் இரவு போகும்.

வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது, பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபை கைகொடுக்கும். ஆனால் அதைச் சொந்த வளாகத்திலேயே அமைத்து, இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பயனர் பெயரை மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது. அட் குறியும் உங்கள் பல்கலைக்கழகத்தின் முகவரியும் சேர்ந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது நீங்கள் நிற்கும் இடமல்ல, உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம் என்பதால்தான் இது.

ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போகும்போது 'ஒன்றும் புரியவில்லை' என்று தொடங்காதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி வரை புரிந்தது, அதற்கடுத்து என்ன முயன்றீர்கள் என்று காட்டுங்கள்.

வெளியேறும் பருவத்தில்

பல இடங்களில் பட்டம் தானாக வராது. அதற்கென்று விண்ணப்பம் உண்டு, கெடுவும் முந்தைய பருவத்திலேயே இருக்கக்கூடும். நூலக அபராதம் ஒன்று பாக்கியிருந்தாலும் மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைக்கலாம். பல்கலைக்கழக மின்னஞ்சல் எந்தத் தேதியில் மூடப்படும் என்று பாருங்கள். அந்த முகவரியில் தொடங்கிய மற்றக் கணக்குகளைச் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். மேகச் சேமிப்பில் உள்ளவற்றை வன்தட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்க நினைத்திருக்கும் ஆசிரியருக்குப் புது முகவரியை இப்போதே அனுப்பிவிடுங்கள். அவருடைய பதில் மூடிய பெட்டிக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே வராது.