50-ஐ நெருங்கும் ஐடி மேனேஜர்களுக்கு

ஆட்குறைப்பு என்றால் முதலில் கண்ணில் படுவது நடுத்தர மேனேஜர்கள்தான். சம்பளம் அதிகம், நேரடியாகச் செய்யும் வேலை குறைவு. அதனால் டீமை மேய்ப்பதோடு நிற்காமல் ஒரு சின்ன மாட்யூலையாவது நீங்களே எழுதுங்கள். கோட் ரிவ்யூவில் உட்காருங்கள். இன்டர்வியூவில் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "எங்கள் டீம் செய்தது" என்ற பதில் எடுபடாது.

படிக்க என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் படிப்புத் தளம் இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் 4, 8, 12 வாரப் பாடங்கள். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். (லட்சக்கணக்கில் கொட்டி எக்சிகியூட்டிவ் எம்பிஏ சேர்வதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.)

அப்புறம் ரெஸ்யூமே. இரண்டு பக்கம் போதும். கடைசி 10 வருட வேலையை விவரமாக எழுதுங்கள். 1999-இல் செய்த ஒய்2கே (2000-ஆம் ஆண்டு தேதிக் கோளாறைச் சரிசெய்யும்) புராஜெக்ட்டுக்கு ஒரு வரியே தாராளம்.