ஈரம் காட்டிக்கொடுத்த ஷார்ட்

கிராபிக்ஸ் கார்டைச் செருகினால் கணினி உயிர்பெறவில்லை; கழற்றினால் ஓடியது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.4 ஓம்தான். ஷார்ட்! மின்சாரம் குறுக்குவழியில் கிரவுண்டுக்குப் பாய்கிறது. ஆனால் எங்கே? அந்தத் தடத்தில் இருந்த செராமிக் கெப்பாசிட்டர்கள் எல்லாமே பார்வைக்குப் புதிதுபோல இருந்தன.

முதலில் சிப்புக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகளைச் சோதித்தேன். அவை ஷார்ட்டாகியிருந்தால் நாம் செலுத்தும் மின்சாரம் நேரே சிப்புக்குள் போய்விடும். நல்லவேளை, பழுதில்லை. பவர் சப்ளையில் 1 வோல்ட், 2 ஆம்பியர் என வரம்பு வைத்துச் செலுத்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் பூசினேன்; ஷார்ட்டான பாகம் சூடாகி, அங்கே மட்டும் அது முதலில் உலரும். ஓரத்தில் எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்றைச் சுற்றி மட்டும் ஈரம் வட்டமாக விலகியது. தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

வெப்பக் காற்றால் அதைப் பெயர்த்ததும் மீட்டர் கிலோ ஓமுக்கு ஏறியது. இணையாகப் பல இருப்பதால் ஒன்று குறைந்தாலும் கார்டு ஓடும். மனம் கேட்காமல், பழைய கார்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன்.