தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களா? முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள்

கொஞ்ச தூரம் மிதித்ததுமே முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறதா? சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்படி இருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அந்த மடக்கம்தான் நமக்குத் தேவை. மிதிக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கவே கூடாது.

உயர்த்தியபின் சிக்னலில் கால் முழுதாகத் தரையில் பதியாது. பயப்பட வேண்டாம். சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றால் போதும், சீக்கிரமே பழகிவிடும். அதன்பின் மேடு வந்தாலும் மூச்சு வாங்குவது குறையும். சரிவில் மிதிக்காமல் இறங்கும்போது முகத்தில் அடிக்கும் காற்று இருக்கிறதே, அந்தச் சுகமே தனி!

வாரம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் விட்டால், டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

மழையில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்துங்கள். நிற்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள். கதவு திடீரென்று திறந்தாலும் இடிக்காத அளவுக்கு இடைவெளி விடுங்கள்.