தொண்டு நிறுவனத் தலைமை: கடலூர், புதுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுவைக் கரைக்குத் தொண்டு நிறுவனங்கள் வராமல் இருந்ததில்லை. 2004 சுனாமிக்கு வந்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது வந்தார்கள். 2015 வெள்ளத்துக்கும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுவையில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தபோதும் வந்தார்கள். அரிசி, தார்ப்பாய், வீடு, தையல் மெஷின் எல்லாம் கிடைத்தன. அவசரத்துக்கு அவை வேண்டியவைதான். ஆனால் ஊரில் யார் பேசலாம், யார் ஓரமாக நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு பல இடங்களில் அசையவே இல்லை. பணப் பற்றாக்குறையைவிட, தலைமையில் இருப்பவர்கள் எடுத்த முடிவுகளே இதற்குக் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தலைவர்கள் சொன்னதை ஊரே சொன்னதாக எடுத்துக்கொள்வது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மீனவக் கிராமங்களில் தேர்தல் இல்லாமல் மரபாக இயங்கும் ஊர்ப் பஞ்சாயத்து வலுவான அமைப்பு. சுனாமி வந்த நாட்களில் வெளியிலிருந்து வந்த பொருளை அடிதடி இல்லாமல் பங்கிட முடிந்ததற்கு அதுவும் முக்கியக் காரணம். அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் பஞ்சாயத்தின் கணக்கு வரிக் கணக்கு. கல்யாணமான ஆண் வரி கட்டுவார், அவர் குடும்பம் பட்டியலில் இருக்கும். கணவனை இழந்தவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் போன்ற பெண்கள் அதில் விடுபட்டுப் போவார்கள். சுனாமி நிவாரணத்தில் இது நடந்தது.

இன்னொரு விடுபடலும் நடந்தது. படகும் வலையும் இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று பலரும் வரையறுத்துக்கொண்டார்கள். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் உப்பங்கழியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். இழப்பதற்கு அவர்களிடம் படகு ஏது? கரையில் கூலி வேலை செய்து பிழைத்த தலித் குடும்பங்களுக்கும் இதே கதிதான். அதே நேரத்தில் தமிழகக் கரையில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. கொடுக்க மனசு இருந்தது, யாருக்கு என்ன போயிற்று என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

எப்படித் தவிர்ப்பது? முதல் சந்திப்பு பஞ்சாயத்தாரோடு இருக்கட்டும். அந்தச் சந்திப்பிலேயே, "காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் தனியாகப் போய்ப் பேசுவோம், பெண்களைத் தனியாகப் பார்ப்போம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரியவந்தால்தான் மனஸ்தாபம் வரும். பட்டியலை முடிவு செய்த பிறகு கருத்துக் கேட்பது வெறும் சடங்கு. பட்டியல் தயாராகும் முன்பே கேட்க வேண்டும், தயாரானதும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். மீன் விற்கும் பெண்கள் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டு, கூடையோடு தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். காலை பதினொரு மணிக்கு மீட்டிங் போட்டுவிட்டு, பெண்கள் ஆர்வம் காட்டவில்லை என்று ரிப்போர்ட் எழுதுவது அநியாயம்.

எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான் என்று நினைப்பது

கடலூரிலிருந்து புதுவையைச் சேர்ந்த பாகூர் கூப்பிடு தூரம். பேச்சும் சொந்தபந்தமும் ஒன்று. நிர்வாகம் வேறு. தமிழ்நாட்டுப் பக்கம் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். மக்கள் தங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக்கலாம், தலைவரிடம் கணக்குக் கேட்கலாம். புதுவையில் 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அப்போது தேர்வானவர்களின் காலம் 2011-ல் முடிந்தது, அதன்பின் நெடுங்காலமாகத் தேர்தலே இல்லை. பல கிராமங்களைச் சேர்த்த உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர்தான் நடத்துகிறார். கிராம சபையில் பேசப் பழக்கும் பயிற்சியை அப்படியே எல்லை தாண்டிக் கொண்டுபோனால், கற்றுக்கொண்டவர் எங்கே போய்ப் பேசுவார்?

இருளர் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். புதுவையில் அந்த அங்கீகாரம் 2016-ல்தான் வந்தது. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இது தெரியாமல் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போவதற்குத் தேவை அந்தச் சான்றிதழ். அதற்காகப் பெற்றோரோடு அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப நடக்கும் வேலை போட்டோவில் வராது. தலைமை தன் நேரத்தைச் செலவிட வேண்டியது அங்கேதான்.

நிறுவனரே நிறுவனம் ஆகிவிடுவது

வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-ல். நிலம் பார்வதிபுரம் மக்கள் கொடுத்தது. அவர் காலம் 1874-ல் முடிந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் அங்கே பசித்தவருக்குச் சோறு கிடைக்கிறது. அவரோடு யாரையும் ஒப்பிட முடியாது. ஆனால் அந்த ஏற்பாட்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம்: ஊராரின் பங்கு தொடக்கத்திலேயே இருந்தது, ஒரே ஆள் இருப்பதை நம்பி அடுப்பு எரியவில்லை.

நம் மாவட்டத்துச் சின்ன ட்ரஸ்டுகளைப் பாருங்கள். செக்கில் கையெழுத்து, நன்கொடையாளர் தொடர்பு, கலெக்டர் ஆபீஸ் அறிமுகம், வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் "சார்" ஒருவரிடமோ "அம்மா" ஒருவரிடமோ இருக்கும். அறங்காவலர்கள் மனைவி, மகன், மச்சான். நோயில் அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் மாலை வகுப்பு நின்றுவிடும், களப்பணியாளருக்குச் சம்பளம் போகாது. இதை அர்ப்பணிப்பு என்று பாராட்டுவது சரியில்லை. அறங்காவலர் குழுவில் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஆட்கள் வேண்டும். அவர்களில் சேவை பெறும் ஊரைச் சேர்ந்த ஒருவராவது இருக்கட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். நிறுவனர் வருடத்தில் சில வாரம் விலகி நின்று, மற்றவர்கள் எடுக்கும் முடிவில் தலையிடாமல் இருந்து பழக வேண்டும். தலைமை மாறும் தேதியை உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

சிக்கனத்தைக் களப்பணியாளரிடம் தொடங்குவது

2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நிதியைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. சிக்கல் உண்மைதான். ஆனால் பலர் அந்தப் பயத்தில் முதலில் கை வைப்பது வீடு வீடாகப் போகும் உள்ளூர்ப் பெண்ணின் சம்பளத்தில். விதியைப் படித்துப் பார்த்தால், பள்ளி நடத்தும் அமைப்பின் ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனை நடத்தும் அமைப்பின் மருத்துவர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது. எது எதில் சேரும் என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பிரிப்பது தலைமையின் வேலை. ஊர் நம்புவது அந்தப் பெண்ணைத்தான். ப்ராஜெக்ட் முடிந்தது என்று அவரை அனுப்பிவிட்டால், அடுத்த முறை அந்தத் தெருவில் கதவு திறக்காது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம் என்பதைப் பணியாளர்களுக்குச் சொல்லியாவது வைக்க வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் முகத்தையோ பெயரையோ ஊடகத்தில் வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. நன்கொடை கேட்கும் ஃபேஸ்புக் பதிவுக்கு மட்டும் விலக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

கடைசியாக, கணக்கு. ஆண்டறிக்கை சென்னைக்கும் டெல்லிக்கும் போகிறது, கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினத்துக்குப் போவதில்லை. இந்த ஊர் பேரில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, என்ன மிச்சம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆடிட்டருக்கு அனுப்பும் முன்பு ஊர்ப் பொது இடத்தில் வாசியுங்கள். காலனியிலும் தனியாக வாசியுங்கள். கேள்வி வந்தால் யார் கேட்டார், என்ன பதில் சொன்னோம் என்று நோட்டில் குறித்து, அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் முதல் பொருளாக எடுங்கள்.